முகம் எழுதும் கலையில் வளர்ச்சியை அளப்பது எப்படி?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

வளர்ச்சி என்றதும் மாணவர்களாகிய நமக்கு நினைவுக்கு வருவது மதிப்பெண் பட்டியல்தான். முதற் பருவத்தில் இத்தனை, இரண்டாம் பருவத்தில் இத்தனை என்று எண்கள் தாமாகவே பேசிவிடுகின்றன. ஆனால் மதிப்பெண் பட்டியல் இல்லாத தொழில்களே உலகில் மிகுதி. பானை வனைபவரும், தறி நெய்பவரும், நாகசுரம் ஊதுபவரும் சென்ற ஆண்டைவிட இவ்வாண்டு தேர்ந்திருக்கிறோமா என்பதை எதைக்கொண்டு அறிகிறார்கள்? தெருக்கூத்தில் முகம் எழுதும் கலையை எடுத்துக்கொண்டு இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பேராசிரியர் பெருமக்களில் பலரும், நண்பர்களில் சிலரும் கூத்தை நேரில் கண்டிருப்பீர்கள். காணாதவர்களுக்காகச் சில செய்திகள். முன்பு வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, செங்கற்பட்டு என வழங்கிய மாவட்டங்களில், திரௌபதி அம்மன் கோயில் விழாக்களை ஒட்டிப் பாரதக் கூத்து நடைபெறும். பகலில் பாரதப் பிரசங்கம். இரவு பத்து மணியளவில் தொடங்கி விடியும்வரை கூத்து. கூத்துக் குழுவை எங்கள் பக்கத்தில் ‘ஜமா’ என்போம். அரசர் வேடங்களுக்குக் கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் முதலிய மரக் கட்டைகளைக் கட்டுவதால் அவற்றைக் ‘கட்டை வேடம்’ என்று கூறுவர். கட்டை கட்டுமுன் முகம் எழுதியாக வேண்டும்.

பொதுவாகக் கூத்தில் நடிகர் தம் முகத்தைத் தாமே எழுதிக்கொள்வார். கதகளியில் சுட்டி வைப்பதற்கென்றே தனிக் கலைஞர் உண்டு. தெய்யத்தில் ஆடுபவரைப் படுக்க வைத்து மற்றொருவர் எழுதுவார். எங்கள் ஜமாவில் அந்த வழக்கம் இருந்ததில்லை. என் தந்தையார் இருபத்தாறு ஆண்டுகளாகத் துரியோதனன் வேடம் கட்டுகிறவர். சர்க்கரை நோய் அவருடைய விழித்திரையைத் தாக்கிவிட்டது. திரை பிடிப்பவர் தெரிகிறார், எதிரே நிற்கும் பீமன் தெரிகிறார். ஆனால் கைக்கண்ணாடியில் தம் புருவம் தெரிவதில்லை. ஆகவே 2022ஆம் ஆண்டுப் பங்குனி முதல் அவருடைய முகத்தை நான் எழுதி வருகிறேன். கொரோனாவால் 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளும் விழாக்கள் நின்று போய், பெட்டி திறக்கப்படாமலே கிடந்தது. மீண்டும் திறந்தபோது பெட்டி என் கைக்கு வந்தது.

எழுதி முடித்ததும் அவர் கேட்பது ஒரே கேள்வி: “எப்படிடா இருக்கு?” இதற்கு “நல்லா இருக்குப்பா” என்று மகன் சொல்வது இயல்பு. ஆனால் அவர் முதல் ஆண்டே சொல்லிவிட்டார்: “மொகம் சரியா வரலன்னா சொல்லிடு. வேஷத்த வேற ஆளுக்குக் குடுத்துடலாம். கட்டியங்காரன் என்னைக் கிண்டல் பண்ணலாம், அது அவன் வேலை. ஜனங்க பண்ணக் கூடாது.” அன்று முதல் ‘நல்லா இருக்கு’ என்ற சொல்லுக்கு எடை வந்துவிட்டது. தம் முகத்தைத் தாமே காண இயலாத ஒருவர், ஊர் நடுவே வணங்காமுடி மன்னனாக வந்து நிற்கப் போகிறார். நான் முகத்துக்காகச் சொன்னால் அவர் அறியாமலே நகைப்புக்கு இடமாவார். எனவே சென்ற நான்கு விழாக் காலங்களாக, என் கை எங்கே நிற்கிறது என்பதை அறிய ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆய்வகக் குறிப்பேடு எழுதும் பழக்கம் இவ்வகையிலாவது வீட்டுக்குப் பயன்படட்டும் என்பதும் ஒரு காரணம்.

கண்ணாடியும் களரியும்

முகம் எழுதுகிறவனை முதலில் ஏமாற்றுவது கண்ணாடி. அரையடித் தொலைவில் பார்க்கும்போது மயிரிழைக் கோடும் துலங்கும். களரியில் அமர்ந்திருப்பவர் அரையடியில் இல்லை. இயல்பான பார்வையுள்ள மனிதக் கண், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்குக் கோணத்தில் பிரிந்திருக்கும் இரு புள்ளிகளைத் தனித்தனியாகக் காண வல்லது என்று ஒளியியலில் படிக்கிறோம். கண் மருத்துவரின் எழுத்துப் பலகையும் இக்கணக்கின் மீதுதான் அமைந்துள்ளது. இதையே களரிக்குப் பொருத்திப் பாருங்கள். 10 மீட்டர் தொலைவில் அக்கோணம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். 20 மீட்டரில் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர். அதாவது 2 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு நான் வைக்கும் வெள்ளைப் புள்ளிகள் பத்து மீட்டருக்கு அப்பால் உள்ளவருக்குப் புள்ளிகளே அல்ல. சிவப்போடு கலந்து இளஞ்சிவப்புத் திட்டாகவே தெரியும்.

எங்கள் ஜமாவில் துரியோதனனுக்குச் சிவப்பு முகம். கன்னத்திலும் புருவத்தின் மேலும் வெள்ளைப் புள்ளி வரிசை, கறுப்பில் பெரிய மீசை, கண்ணைச் சுற்றி மை. (ஜமாவுக்கு ஜமா இது மாறும், எங்கள் முறைதான் சரி என்று வழக்காட வரவில்லை.) 2022ஆம் ஆண்டுப் படத்தில் ஒரு கன்னத்துக்கு 31 புள்ளிகள். 2025இல் 17. புள்ளி பெரிதாயிற்று, இடைவெளி 5 மில்லிமீட்டர் ஆயிற்று. கணக்குப்படி இது 17 மீட்டர் வரை தாங்க வேண்டும். எங்கள் ஊர்க் கோயில் திடலில் அது டீக்கடைப் பந்தல். சென்ற ஆண்டு அங்கே போய் நின்று பார்த்தேன். வரிசை தனித்தனியாகவே தெரிந்தது. இப்போதெல்லாம் தந்தையார் “எப்படிடா இருக்கு?” என்றால், “டீக்கடை வரைக்கும் நிக்குதுப்பா” என்கிறேன். அவருக்கும் இந்த விடை பிடித்திருக்கிறது.

எண்ணிக்கை கூடினால் வளர்ச்சி என்று நாம் பழகியிருக்கிறோம். இங்கே எண்ணிக்கை குறைந்திருக்கிறது. புதிதாக எழுதுகிறவரின் முகத்தில் வேலை மிகுதியாகத் தெரியும். தேர்ந்தவர் எழுதிய முகத்தில் ஆள்தான் தெரிவான். எங்கள் பகுதியின் மூத்த கலைஞர்கள் சிலரின் பழைய நிழற்படங்களைப் பார்த்தால் இதை உணரலாம்.

தொலைவைப் போலவே விளக்கும். மேடைக்கு ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் வகுத்த சிலப்பதிகார அரங்கேற்று காதை, தூணின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்கு வைக்க வேண்டும் என்பதையும் மறக்கவில்லை. அக்காலத்திலேயே விளக்கைக் கவனித்தவர்கள் நம் முன்னோர். எங்கள் கொட்டகையிலோ எழுதுவது ஒரு விளக்கில், ஆடுவது வேறு விளக்கில். மஞ்சள் சோடியம் தெருவிளக்கின் கீழ் சிவப்பு கறுத்துப் பழுப்பாகும். மலிவான வெள்ளை எல்.இ.டி. விளக்குகள் சிலவற்றில் சிவப்பு ஒளி குறைவு. அங்கும் முகம் சோர்ந்து போகும். பெட்ரோமாக்ஸ் காலத்தில் எல்லா ஊரிலும் ஒரே ஒளி என்ற வசதி இருந்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள். ஆகவே ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட வேண்டுமானால் ஒரே விளக்கில் எடுத்த படத்தைத்தான் ஒப்பிட வேண்டும். ஜமாவின் 500 வாட் ஹாலஜன் விளக்கையே இதற்கு வைத்துக்கொண்டேன். ஒரே விளக்கு, பத்து மீட்டர், ஒரே கைப்பேசி. இம்மூன்றும் மாறாமலிருந்தால்தான் மாறியது கையா, கருவியா என்று சொல்ல முடியும். ஆய்வகத்தில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்று நமக்குச் சொல்லித் தருவதும் இதுவேயன்றோ!

வெள்ளையின் வேதியியல்

ஒப்பனைக்கு ‘அரிதாரம் பூசுதல்’ என்று தமிழில் பெயர். அரிதாரம் என்பது உண்மையில் மஞ்சள் நிற ஆர்சனிக் சல்பைடு; நஞ்சு. சாதிலிங்கம் எனும் செந்நிறக் கனிமம் பாதரசச் சல்பைடு. இவை எங்கள் பெட்டியில் இன்று இல்லை. பெயர் மட்டும் மொழியில் தங்கிவிட்டது. ஆயினும் சந்தையில் பெயரில்லாப் பொட்டலத்தில் விற்கும் சிவப்பில் என்ன இருக்கிறது என்பது விற்பவருக்கும் தெரியாது. இரண்டாம் ஆண்டு முதல், உட்பொருள் அச்சிட்ட பொருளைத் தவிர வேறெதையும் தந்தையாரின் முகத்தில் வைப்பதில்லை. மறுநாள் காலை தோல் தடித்திருக்கிறதா என்பதும் என் குறிப்பேட்டில் ஒரு கட்டம். கலை வளர்ந்து தோல் அழிவது வளர்ச்சியாகாது.

முத்துவெள்ளை என்று நாங்கள் கூறும் தூள் துத்தநாக ஆக்சைடு. இதைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து இடுகிறோம். ஏன் அரிசி மாவையோ சுண்ணத் தூளையோ குழைக்கலாகாது? விடை ஒளிவிலகல் எண்ணில் உள்ளது. தேங்காய் எண்ணெய்க்கு அது ஏறத்தாழ 1.45. மாவுக்கு 1.53, கால்சியம் கார்பனேட்டுக்கு 1.6 அளவில், துத்தநாக ஆக்சைடுக்கு 2.0. தூளுக்கும் எண்ணெய்க்கும் இடையே இவ்வெண் எவ்வளவு வேறுபடுகிறதோ அவ்வளவுக்கு ஒளி சிதறி வெண்மை தெரியும். மாவை எண்ணெயில் குழைத்தால் வெண்மை மங்கி, தோல் ஊடே தெரியும். துத்தநாக ஆக்சைடு எண்ணெயிலும் வெள்ளையாகவே நிற்கும். இவ்விளக்கத்தை எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவர் கரும்பலகையில் எழுதிக் காட்டியபோது, கொட்டகையில் தலைமுறை தலைமுறையாகக் கைக்குத் தெரிந்திருந்த ஒன்று என் தலைக்கும் தெரிந்தது.

எண்ணெய் 24, 25 பாகை செல்சியசில் உறையும். சித்திரை, வைகாசி இரவுகளில் அது உறைவதே இல்லை. எண்ணெய் கூடினால் வெள்ளை வழிந்து சிவப்பில் இறங்கும். குறைந்தால் காய்ந்து வெடிக்கும். ஆகவே கோடையில் குழைவைக் கெட்டியாக வைத்து, மேலே முகப்பவுடரை ஒற்றி எடுக்க வேண்டும்.

ஓர் அளவுகோலைத் தந்தையாரே கற்றுக் கொடுத்தார். கண் உதவாததால் விரல் நுனியால் கன்னத்தைத் தொட்டு, “தடிச்சிருக்கு” என்பார். தடித்த பூச்சு பாடும்போது தோலை இழுக்கும். இழுத்தால் குரல் எட்டாது என்பது அவர் கட்சி. குரலுக்கும் பூச்சுக்கும் என்ன தொடர்பு என்று முதலில் எனக்கு வியப்பாக இருந்தது. பிறகு டப்பாவை எழுதுமுன்னும் எழுதிய பின்னும் எடை போட்டுக் குறித்தேன். ஒரு முகத்துக்கு 2022இல் 18 கிராம் போன வெள்ளையும் சிவப்பும் 2025இல் 11 கிராமுக்கு இறங்கியிருக்கின்றன. தராசு சொல்வதை அவர் விரல் முன்னமே சொல்லிவிடுகிறது. நான் இதுவரை அவரைப் பிழைபடப் பிடிக்கவில்லை.

நேரத்தையும் குறித்தேன்: இரண்டு மணி பத்து நிமிடம், இப்போது ஒன்றேகால் மணி. ஆனால் நேரத்தை நான் பெரிதாக மதிப்பதில்லை. விரைவு பழக்கத்தால் வருவது. பழக்கம் நல்லதையும் விரைவாக்கும், அல்லதையும் விரைவாக்கும்.

இரவு பத்து மணி முகமும் படுகளத்து முகமும்

இனிச் சொல்லப் போவதே இக்கட்டுரையில் நான் முதன்மையாகக் கருதுவது. எழுதி முடித்த கணத்தில் எடுத்த படம் வளர்ச்சியைக் காட்டாது. கூத்து முகம் ஓவியம் அன்று. அது பாடும், கர்ச்சிக்கும், வியர்க்கும். எட்டு மணி நேரம் கழித்து மிஞ்சுவது எதுவோ அதுவே எழுதியவனின் தேர்ச்சி.

ஆதலால் இரவு 10, 2, காலை 6 ஆகிய மூன்று வேளையிலும் படம் எடுத்தேன். எங்கே முதலில் உடைகிறது? மூக்கின் பக்கத்திலிருந்து வாயோரம் இறங்கும் மடிப்பில், அடுத்து மேலுதட்டில், பின்பு கண்ணின் கீழ். பாட்டும் வசனமும் இரவெல்லாம் வாயைச் சுற்றியே நடக்கின்றன அல்லவா? எனவே மூன்றாம் ஆண்டில் ஒரு முறையைக் கைக்கொண்டேன். அடிச் சிவப்புப் பூசியதும் தந்தையாரைத் திரை விருத்தம் ஒன்றைப் பாடச் சொல்வேன். முழுக் குரலில் பாடும்போது தோல் எங்கே மடிகிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டு, வெள்ளைக் கோட்டை மடிப்புக்குக் குறுக்கே போகாமல் அதன் ஓரமாகவே இறக்குவேன். குறுக்கே போகும் கோடு மடிப்புதோறும் உடையும். ஓரமாகப் போகும் கோடு மடிப்போடு சேர்ந்து அசையும். காலை 6 மணிப் படங்களை வரிசையாக வைத்தால் 2023க்கும் 2024க்கும் இடையே உள்ள வேறுபாடு யாவருக்கும் விளங்கும். இரவு 10 மணிப் படங்களில் அவ்வேறுபாடு கிட்டத்தட்ட இல்லை.

இதற்கும் மேலான தேர்வு ஒன்று உண்டு, அது படுகளம். பதினெட்டாம் போர்க் கூத்து விடிந்ததும், கோயில் திடலில் மண்ணால் பேருருவாகச் செய்து கிடத்திய துரியோதனனைச் சுற்றி, பீமன் வேடதாரியும் துரியோதனன் வேடதாரியும் போரிடுவர். தொடை பிளந்து மன்னன் வீழ்ந்த பின் திரௌபதி கூந்தல் முடிப்பாள், மாலையில் தீமிதி. இவை யாவும் பட்டப் பகலில் நடைபெறும். இரவு விளக்குக்காகவும் பதினைந்து மீட்டருக்காகவும் எழுதிய முகத்தை, வெயிலில், கை எட்டும் தொலைவில் ஊரே நின்று பார்க்கும். பதினைந்து மீட்டரில் கம்பீரமாக இருந்த தடித்த புருவம் ஒன்றரை மீட்டரில் பொம்மையாகிவிடக் கூடும். ஒரே முகம் இரண்டு தேர்வு எழுதுகிறது; வினாத்தாள்கள் வெவ்வேறு.

யாரைக் கேட்பது?

அளவுகோல்கள் எத்தனை இருந்தாலும் கடைசியில் மனிதக் கண்ணைத்தான் கேட்க வேண்டும். ஆனால் ‘நன்றாக இருக்கிறதா?’ என்று கேட்டால் ‘நன்றாக இருக்கிறது’ என்றே விடை வரும். நம் மக்கள் பண்பானவர்கள். ஆகவே நான்கு ஆண்டுகளின் படங்களைத் தேதி தெரியாமல் கலைத்துக் கொடுத்து, முதலில் எழுதியது எது, கடைசியில் எழுதியது எது என வரிசைப்படுத்துமாறு கேட்டேன். வகுப்புத் தோழர் எண்மரில் அறுவர் ஆண்டு வரிசையைச் சரியாகச் சொன்னார்கள். கோட்டின் நேர்த்தியையும் இருபக்க ஒப்புமையையும் பார்த்ததாகக் காரணம் கூறினார்கள். நான் மகிழ்ந்தேன் என்பதை மறைப்பானேன்!

எங்கள் ஜமாவின் மிருதங்கக்காரர் தந்தையாருக்கும் மூத்தவர். நான் பெரியப்பா என்று அழைப்பவர். அவர் படங்களை நெடுநேரம் பார்த்துவிட்டு 2023ஆம் ஆண்டுப் படத்தை எடுத்துத் தனியே வைத்தார்.

“இதான் கடைசியா எழுதினது.”

“இல்ல பெரியப்பா, அது ரெண்டாவது வருஷம்.”

“அப்போ இதான் நல்லா எழுதினது. இதுலதாண்டா ஒங்கப்பன் இருக்கான். மத்ததுல துரியோதனன் மட்டும் இருக்கான்.”

இதற்கு மேல் அவர் விளக்கம் தரவில்லை. நான் படங்களைத் திரும்பத் திரும்ப ஒப்பிட்டேன். கைப்பேசியில் ஒரு பாதி முகத்தைத் திருப்பி மறுபாதியின் மேல் பொருத்திப் பார்த்தபோது செய்தி விளங்கியது. தந்தையாரின் இடப்புருவம் இயல்பாகவே வலப்புருவத்தைவிடச் சற்று உயரம். 2023இல் எழுதிய புருவம் அவருடைய புருவத்தின் மீதே ஏறிச் செல்கிறது. 2024, 2025 படங்களில் இரண்டும் ஒரே மட்டம். மை அவருடைய புருவத்தை மறைத்துத் தனக்கென ஒரு புருவத்தைப் படைத்திருக்கிறது.

பெரியப்பாவின் தீர்ப்பை முழுமையாக நான் ஏற்கவில்லை. டீக்கடைத் தொலைவிலிருந்து பார்த்தால் ஏறிய இடப்புருவம் எள்ளலாகத் தெரிகிறது. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் பெருமிதம் வேறு, நகை வேறு என்றே வகுத்திருக்கிறார். துரியோதனன் முதல் வருகையில் திரை தாழ்ந்து விளக்கொளி முகத்தில் விழும்போது நமக்கு வேண்டியது பெருமிதம். அதற்கு மட்டமான புருவமே ஏற்றது. ஆனால் படுகளத்தில், ஒன்றரை மீட்டரில், பெரியப்பா கூறுவதே சரி. அங்கே மன்னனைக் காண எவரும் வருவதில்லை. சாகப்போகும் மனிதனைக் காணவே வருகிறார்கள்.

ஆகவே 2025 வைகாசியில் ஓர் ஊரில் புதுமுறை ஒன்றைச் செய்து பார்த்தேன். இரவு முழுதும் மட்டமான புருவம். விடியற்காலையில் கட்டைகளை இறுக்கிக் கட்டும் பத்து நிமிட இடைவெளியில், இடப்புருவத்து மையை எண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு, அவருடைய சொந்தப் புருவத்தின் மீதே மெல்லியதாக எழுதினேன். தந்தையார் விரலால் தொட்டுப் பார்த்து, “இது என்னுதாச்சே” என்றார். படுகளத்தில் அவர் வீழ்ந்து கிடந்தபோது ஒரு மூதாட்டி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, காலைத் தொட்டுக் கும்பிட்டு, “ராசா, போயிட்டு வாப்பா” என்று சொல்லிவிட்டுப் போனார். படுகளத்தில் பெண்கள் அழுவதும் கும்பிடுவதும் ஆண்டுதோறும் நடப்பதே. இது புருவத்தால் நேர்ந்தது என்று கூறினால் அறிவியல் மாணவன் என்ற பெயர் எனக்குத் தகாது. ஆயினும் குறிப்பேட்டில் இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல், பக்கத்தின் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

இன்னும் ஓராண்டில் பட்டம் முடியும். வேலை எந்த ஊரில் கிடைக்குமோ அறியேன். பங்குனி முதல் ஆவணி வரை விடுப்புத் தரும் அலுவலகம் எங்கும் இருப்பதாகத் தெரியவில்லை. தந்தையார் இதுபற்றி ஒன்றும் கேட்பதில்லை. ஆனால் இவ்வாண்டு, திரை பிடிக்க வரும் பதின்மூன்று வயதுப் பையன் ஒருவனைத் தம் எதிரே உட்காரவைத்து, இடக் கன்னத்தை அவனுக்கும் வலக் கன்னத்தை எனக்குமாகப் பிரித்துக் கொடுத்தார். அவன் வைத்த புள்ளிகள் 38. எழுதி முடித்ததும் ஹாலஜன் விளக்கை ஏற்றி, பத்து மீட்டர் அளந்து, படம் எடுத்துத் தேதி போட்டு வைத்திருக்கிறேன். அவனுக்கு அதை இன்னும் காட்டவில்லை.